பலப்பம் தின்னும் ஆசைக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டேன்

பலப்பம், பச்சரிசி, திருநீறு, அடுப்புச் சாம்பல், மண். இவற்றை ஒளித்து வைத்துத் தின்னும் பெண்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. எனக்குப் பலப்பமும் பச்சரிசியும். பெரம்பூருக்குக் குடிவந்த பிறகு அது முற்றி, கைப்பையில் டப்பா இல்லாமல் மின்சார ரயில் ஏற முடியாது என்றாகிவிட்டது. கோடை மழையில் மண்வாசனை எழுந்தால் வேலை ஓடாது.

"பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்டி" என்று அம்மா சிரித்ததோடு சரி. வீட்டருகே ஒரு மருத்துவரிடம் சொன்னேன். "நீங்க என்ன சின்னப் பிள்ளையா? விட்டுடுங்க" என்றார். அதன்பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. விட முடிந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்?

நர்ஸாக இருக்கும் சித்திதான் பிடித்தார். மாடியேறி மூச்சு வாங்கிய என்னை நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையேடி. மண்ணு, அரிசின்னு ஏதாவது திங்கிறியா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

அவர் கூட்டிப்போன பெண் மருத்துவர் பலப்பத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்றுதான் கேட்டார். உணவல்லாததைத் தின்னும் இந்த நிலைக்கு பைக்கா என்று பெயர். இரும்புச்சத்துக் குறைவோடு இது அடிக்கடி சேர்ந்தே வரும். பச்சரிசி, ஐஸ் மீது வரும் தீராத ஆசையும் அப்படித்தான். மண் வகைகள் வயிற்றுக்குள் போனால் இரும்பு உடலில் சேர்வதும் குறையும். ஈயம் கலந்திருந்தால் அது வேறு ஆபத்து.

ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 7.9. அதோடு ஃபெரிட்டின் பரிசோதனையும் எழுதினார். உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். 15-க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். எனக்கு 5. வெறும் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாதீர்கள், இதையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி தெரிந்தது. அதிக ரத்தப்போக்குக்குக் காரணம் அதுதான், அதற்கும் சிகிச்சை தொடங்கியது.

பூச்சி மாத்திரை, இரும்பு மாத்திரை. எலுமிச்சைச் சாற்றோடு போட வேண்டும், டீ, காபியோடு கூடாது. மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே பலப்ப ஆசை அடங்கியது எனக்கே ஆச்சரியம்.

பச்சரிசி மட்டும் விடவில்லை, மனம் கனத்தால் கை தானாகப் போனது. 14416-க்கு அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அவர்கள் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்றாலே கேலி பேசும் ஊர் இது, எனக்கும் கால் கூசியது. உள்ளே போனால் யாரும் திட்டவில்லை. எந்த நேரத்தில், என்ன நினைப்பில் கை போகிறது என்று எழுதிவரச் சொன்னார்கள். அந்த நேரத்துக்குக் கடிக்கப் பொரியும் வறுகடலையும் வைத்துக்கொள்கிறேன்.

ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டுவிட்டது. சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் மாத்திரை வேண்டும் என்கிறார் மருத்துவர். போட்டுக்கொண்டிருக்கிறேன்.