அரியர் பேப்பரை எழுதி முடித்த கதை

ஐந்தாவது செமஸ்டர் தொடங்கிய சில வாரத்தில் என் விடைத்தாள் நகல் கைக்கு வந்தது. நாலாவது செமஸ்டரில் எழுதிய தாவர வகைப்பாட்டியல். 75க்கு 26. எங்களுக்கு 30 வேண்டும். அந்த நாலு மதிப்பெண்ணை நினைத்து நினைத்தே ஒரு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், திருத்தினவர் கவனிக்கவில்லை என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் பணம் கட்டி நகல் கேட்டேன்.

முதல் எட்டுப் பக்கம் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. படங்களுக்கெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு. அதற்குப் பிறகு எழுத்து சாய ஆரம்பிக்கிறது. பத்து மதிப்பெண் கேள்விகள் ஐந்தில் மூன்றைத்தான் எழுதியிருக்கிறேன். நாலாவதுக்கு 'ரூபியேசி' என்று தலைப்பு, அதற்கு இரண்டு அடிக்கோடு, கீழே இரண்டு வரி. ஐந்தாவதுக்குக் கேள்வி எண் மட்டும். திருத்தினவர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எழுதின வரைக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்.

என்னை அதிகம் வலித்தது ரூபியேசிதான். அது காப்பிச் செடியின் குடும்பம். எனக்கு ஏற்காடு. அம்மா இருபது வருஷமாகக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறார். அந்தப் பணத்தில் படிக்கிற பெண் அந்தக் கேள்விக்கு இரண்டு வரி எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

ஏப்ரலில் நான் எப்படிப் படித்தேன் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். படிக்காமல் இல்லை. ஹாஸ்டலில் ஃபேன் காற்றே அனலாக வரும். இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து அதே நோட்ஸை நாலு தடவை வாசித்தேன். பச்சை, மஞ்சள் என்று கோடு போட்டேன். நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. ஹாலில் உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, வலது ஓரத்தில் மஞ்சள் கோடுகூடத் தெரிகிறது, வாக்கியம் வரவில்லை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள் நான். தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் மாற்றி, எழுத்துப்பிழை பார்த்து எழுதுவதற்குள் மணி பன்னிரண்டரை.

ஹாஸ்டலில் சீனியர் அக்கா ஒருவர் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார். "நீ படிச்சிருக்க, எழுதிப் பழகல. புக்கை மூடி வெச்சுட்டு வெள்ளைத் தாளை எடு."

இது அக்காவின் சொந்த அனுபவம் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஒரு பக்கம், ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாம் தெரிகிற மாதிரி ஏன் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் தடவை வெள்ளைத் தாளில் உட்கார்ந்தபோது ஒரு பத்து மதிப்பெண் கேள்விக்கு 48 நிமிடம் ஆனது. மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். பெரிய கேள்வி ஐந்துக்கும் தலா 25 என்று வைத்தால் 125. மீதி 55 நிமிடத்தில் சின்னக் கேள்விகளும் திருப்பிப் பார்ப்பதும். இந்தக் கணக்கை எந்த வகுப்பிலும் யாரும் போட்டுக் காட்டவில்லை, எனக்கும் இரண்டு வருஷம் தோன்றவில்லை. போனில் 25 நிமிடம் அலாரம் வைத்து எழுதினேன். அடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும், பாதி வாக்கியமாக இருந்தாலும். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் தினம் ஒரு கேள்வி. அக்டோபரில் 27 நிமிடத்துக்கு வந்தேன். அதற்குக் கீழே என்னால் கொண்டுவர முடியவில்லை. அதனால் படத்துக்கு ஸ்கேல் எடுப்பதை விட்டேன்.

மாலை நாலு மணிக்கு மேல் காப்பியையும் நிறுத்தினேன். உடம்பில் போன காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்தால் விடியற்காலை மூன்று மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். காப்பி விளைகிற ஊரில் பிறந்த எனக்கு இது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. முதல் வாரம் தலை வலித்தது. பிறகு பதினொரு மணிக்கே தூக்கம் வந்தது.

சனி, ஞாயிறு சேலம் சிவதாபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். சித்தப்பா கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர். சித்தி வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை மாட்டுகிற வேலை செய்வார். சின்னக் குறடு, ஒரு தட்டில் வெள்ளிச் சலங்கை, மடியில் ஒரு துணி. கண்ணும் கையும் அதிலேயே இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு நான் பாடம் சொல்ல ஆரம்பித்தேன். சித்தி எட்டாவது வரை படித்தவர்.

"பெந்தம், ஹூக்கர்னு ரெண்டு பேரு சித்தி. 1862லேர்ந்து 1883 வரைக்கும் உக்காந்து பூக்கிற செடியெல்லாம் குடும்பம் குடும்பமாப் பிரிச்சு எழுதியிருக்காங்க."

"எதை வெச்சுப் பிரிச்சாங்க?"

"பெரும்பாலும் பூவை வெச்சு. இதழ் தனித்தனியா இருக்கா, ஒண்ணா ஒட்டியிருக்கா, விதை உண்டாகுற சூற்பை எங்க இருக்கு..."

"இந்த இட்லிப்பூவு?" வாசல் பக்கம் தலையை ஆட்டிக் கேட்டார்.

எழுந்து போய் ஒரு கொத்துப் பறித்து வந்தேன். இதழ்கள் கீழே குழாய் மாதிரி ஒட்டி, மேலே நாலாகப் பிரிந்திருந்தன. அதற்கும் கீழே சின்ன உருண்டையாகச் சூற்பை. எழுத்தில் 'கீழ்மட்டச் சூற்பை' என்று பத்துத் தடவை படித்தது விரல் நகத்தில் தட்டுப்பட்டது. இட்லிப்பூவும் ரூபியேசிதான்.

"அப்ப உங்க அம்மா பறிக்கிற காப்பியும் இதுவும் பங்காளியா?" சித்தி குறடைக் கீழே வைத்துவிட்டுப் பூவை வாங்கிப் பார்த்தார். ஒரு இடத்தில் நான் தடுமாறினால் "அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்?" எங்கெல்லாம் வந்ததோ, அதெல்லாம் எனக்குத் தெரியாத இடம். நோட்டில் அந்த இடத்தை மட்டும் வட்டமிட்டு வைத்தேன்.

நவம்பர் படிப்பு விடுமுறைக்கு மலைக்குப் போனேன். அப்போதுதான் பழம் பறிப்பும் தொடங்குகிறது. அம்மா காலையில் கிளம்பிவிடுவார். சோறு, தண்ணீர், தம்பி எல்லாம் என் பொறுப்பு. மழை பெய்தால் கரண்ட் போகும். பகல் வெளிச்சத்தில் எழுதுவது, இருட்டினால் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது என்று மாற்றிக்கொண்டேன். இரண்டு ஞாயிறு நானும் பறிக்கப் போனேன். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், காயில் கை வைக்கக் கூடாது. கிளையை வளைத்துப் பிடித்தபோது பார்த்தேன். எதிரெதிராக இரண்டு இலை. அந்த இரண்டு காம்புக்கும் நடுவில், தண்டோடு ஒட்டி, முக்கோணமாக ஒரு சின்னச் செதில். காம்பிடை இலையடிச்செதில். ரூபியேசியை அடையாளம் காட்டுகிற முதல் குறி அது. சின்ன வயதிலிருந்து இந்தக் கிளையைத் தொடுகிறேன், அன்றைக்குத்தான் அந்தச் செதிலைப் பார்க்கிறேன். அம்மாவிடம் காட்டினேன். "அது எப்பவும் இருக்கிறதுதானே கண்ணு" என்றார்.

நவம்பர் 29 பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சித்தி வீட்டுக்கு வந்தேன். 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அடுத்த இரண்டு நாள் மலையில் கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அம்மாவின் போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு எண்ணும் எடுக்கவில்லை. சரிந்த ரோட்டின் வீடியோக்கள் ஒன்று மாற்றி ஒன்று போனில் வந்துகொண்டே இருந்தன. அரியர் பேப்பருக்கு நாலு நாள் இருந்தது. நோட்டைத் திறந்தால் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை.

"படிக்க வேண்டாம். வந்து இதைப் புடி" என்று சித்தி ஒரு குறடைக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் சலங்கை மாட்டினேன். கை நடுக்கம் நின்றது. சித்தி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் ரூபியேசியை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாம் தேதி சாயங்காலம் அம்மா பேசினார். கரண்டும் டவரும் இல்லை, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பிக்குச் சளி. "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் அழுததால் பதில் சொல்லத் தாமதமானது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் என் அறைத் தோழி அந்த நவம்பரில் மூன்று நாள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. செத்துவிடலாம் போலிருக்கிறது என்றாள். வார்டனிடம் சொன்னோம், அவள் அப்பாவுக்குச் சொன்னோம், 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு அவளையே பேச வைத்தோம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். அவள் இரண்டு பேப்பர் எழுதாமல் விட்டாள். இப்போது அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள், சாப்பிடுகிறாள். உங்கள் பக்கத்துக் கட்டிலில் யாராவது அப்படிச் சொன்னால், பரீட்சை முடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

பரீட்சையன்று கேள்வித்தாள் வாங்கியதும் முதலில் மேசையில் வாட்சைக் கழற்றி வைத்தேன். பெரிய கேள்விகளில் ரூபியேசி வரவில்லை. வேறு குடும்பம் வந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சித்திக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாக எழுதினேன். தெரியாத சொல் வந்தால் சின்ன வாக்கியமாக உடைத்துக்கொண்டேன். ஐந்தாவது கேள்வி முடிந்தபோது மணி 12.50. சின்னக் கேள்விகளில் ஒன்று காம்பிடை இலையடிச்செதில். படமே போட்டேன், ஸ்கேல் இல்லாமல்.

75க்கு 47 வந்தது.

இப்போது ஆறாவது செமஸ்டர், மறுபடியும் ஏப்ரல் வெயில். சித்தி வீட்டு இட்லிப்பூ பூத்துக் கிடக்கிறது. போன சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் சித்தி தட்டைத் தள்ளி வைத்து இடம் விட்டார். "இந்த வாட்டி எந்தக் குடும்பம்?"

மரபியல், சித்தி. வேறு கதை. அலாரத்தை 25க்கு வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.