சுவர் கையில் இல்லை

பேசாமல் உடலசைவால் மட்டுமே நடிக்கும் மைம் கலையைக் கற்கச் சேர்ந்தபோது, முதல் வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத சுவரைத் தடவிக் காட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முதல் மாதம் முழுவதும் தலையைச் சாய்த்ததுதான் மிச்சம். கழுத்து அசையாமல் தலை மட்டும், மார்பு அசையாமல் தலையும் கழுத்தும், இடை அசையாமல் மார்பு வரை என்று ஒவ்வொரு கட்டாகக் கீழே இறங்கி, பக்கவாட்டுச் சாய்வு, முன்பின் சாய்வு, திருகல் என மூன்று விதமாகவும் அதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். இசை கற்பவருக்குச் சரளி வரிசை எப்படியோ, அப்படி. சலிப்பாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தலையைச் சாய்க்கும் போதெல்லாம் என் இடது தோளும் கூடவே எழும்புகிறது என்பதைக் கண்ணாடி முன் நின்று கண்டுகொள்ளவே எனக்கு அத்தனை நாட்கள் தேவைப்பட்டன.

இந்த வரிசையை வகுத்தவர் பிரெஞ்சு மைம் கலைஞர் எத்தியென் தெக்ரூ (1898–1991). பாரிஸில் நாடக இயக்குநர் ழாக் கோப்போ நடத்திய நாடகப் பள்ளியில் 1923-இல் அவர் சேர்ந்ததே நன்றாகப் பேசப் பழகுவதற்காகத்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த முரண். அங்கே மாணவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு உடலை மட்டுமே நம்பி நடித்ததைப் பார்த்தவர், பின்னர் வாழ்நாள் முழுவதும் பேச்சில்லாத உடலையே ஆராய்ந்தார். முகத்துக்கும் கைகளுக்கும் முன்னே நடுவுடலை வைத்தார். மைம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருகிற, 1947-இல் ‘பிப்’ என்னும் பாத்திரத்தை உருவாக்கிய மார்செல் மார்சோவும் அவரிடம் பயின்றவரே. முகத்தின் வெள்ளைப் பூச்சு மார்சோவின் அடையாளம். தெக்ரூவின் பயிற்சிக்கு அது தேவையே இல்லை. நானும் இன்றுவரை அதை வாங்கவில்லை.

ஒருவழியாகச் சுவருக்கு வந்தோம். கையை விறைப்பாக விரித்துக் காற்றில் ஒட்டவைத்தால் சுவர் வந்துவிடும் என்பது என் எண்ணம். ஆசிரியர் என்னை உண்மையான சுவரின் முன் நிறுத்தி, உள்ளங்கையை அதில் பதித்துவிட்டு மெல்லப் பக்கவாட்டில் நடக்கச் சொன்னார். கை நின்ற இடத்திலேயே நின்றது. மணிக்கட்டு மடங்கியது, முழங்கை விரிந்தது, தோள் வழிவிட்டது, இடுப்பு நகர்ந்தது. பிறகு ஓர் அடி பின்னால் வந்து, சுவரைத் தொடாமல் அதையே செய்யச் சொன்னார். உடல் நகர்ந்தவுடன் கையும் கூடவே நகர்ந்தது, ஓடத்தில் கட்டிய துணியைப் போல. வெளியில் ஒரு புள்ளியை அசையாமல் நிறுத்தவேண்டுமானால், அதற்கு ஈடாக உடலின் மற்ற மூட்டுகள் அனைத்தும் அந்த நகர்வை வாங்கிக்கொள்ள வேண்டும். மைமில் நிலைப்புள்ளி என்று சொல்வது இதைத்தான். சுவரைக் கட்டுவது இடுப்பும் முழங்காலும். கை அங்கே சும்மா இருக்கிறது. தொடுவதற்கு முன்பு விரல்கள் தளர்ந்து இருப்பதும், தொட்ட கணத்தில் சட்டென்று தட்டையாவதும் சேர்ந்தால்தான் பார்ப்பவருக்கு அங்கே ஒரு பரப்பு தெரிகிறது.

எடையும் அப்படித்தான். கனமான பெட்டியைத் தூக்குவதாகக் காட்டும்போது நான் முகத்தைச் சுளித்து, புஜத்தை நடுங்கவைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி மேலே வரவேண்டுமானால், அதற்குச் சற்று முன்பு உடல் கீழே இறங்கவேண்டும். முழங்கால் மடங்கி, இடுப்பு பெட்டிக்கு எதிர்ப்பக்கம் போய், பாதம் தரையை அழுத்திய பிறகே கை எழவேண்டும். இந்த எதிர் எடைக் கணக்கு பிடிபட்டபின், முகத்தில் ஒன்றுமே செய்யாதபோதும் வகுப்பிலிருந்தவர்களுக்குப் பெட்டி கனத்தது.

நுணுக்கம் கைவந்தபின் அதை வைத்து ஒரு காட்சியை அமைப்பது வேறொரு வேலை. நாடக ஆசிரியர் ழாக் லெகோக் பாரிஸில் 1956-இல் தொடங்கிய நடிப்புப் பள்ளியில், ஒரு கருப்பொருளைக் கொடுத்துவிட்டு, மாணவர்களே குழுவாகச் சேர்ந்து காட்சியை உருவாக்கிக் காட்டும் வழக்கம் உண்டு. அதே முறையில் எங்களுக்கும் ‘காத்திருத்தல்’ என்ற கரு தரப்பட்டது. நான்கு நிமிடக் காட்சியில் நான் ஒரு சன்னலைத் திறந்து வெளியே பார்த்து, யாரும் வராததால் மூடி, மீண்டும் திறப்பவன். முடிந்ததும் பார்த்தவர்களிடம் என்ன கண்டீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். பசியோடு இருக்கும் ஒருவர் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறார் என்று மூன்று பேர் சொன்னார்கள். வெட்கமாக இருந்தது, ஆனால் அவர்கள் பிழையாகப் பார்க்கவில்லை. முதல் முறை தோளுயரத்தில் இருந்த பிடி, இரண்டாம் முறை வயிற்றுக்கு இறங்கிவிட்டது. பார்வையும் தொலைவுக்குப் போகாமல் இரண்டடிக்குள் நின்றுவிட்டது. தொலைவைப் பார்க்கும் உடலில் கண்ணுக்குப் பின்னாலேயே கழுத்தும் மார்பும் நீளும். என் மார்பு அசையவே இல்லை.

திருத்தியபோது நாங்கள் செய்தது பெரும்பாலும் வெட்டுதல்தான். மூன்று முறை திறந்த சன்னலை இரண்டு முறையாக்கினோம். இரண்டாம் முறை திறப்பதற்கு முன், கையைப் பிடியில் வைத்தபடி ஐந்து வினாடி அப்படியே நிற்கவேண்டும் என்று முடிவாயிற்று. அசைவுகளை விட அந்த ஐந்து வினாடிதான் என்னைப் படுத்துகிறது. உறைந்துபோனால் பொம்மையாகிவிடுகிறேன், தளர்ந்தால் காட்சியை மறந்துவிட்டவன் போலத் தெரிகிறேன். இழுக்கத் தயாராகிய விசையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இழுக்காமல் நிற்கவேண்டும்.

வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் இரண்டு வட்டங்கள் போட்டு, ஓர் அடி தள்ளி நின்று தினமும் பழகுகிறேன். வலது கை இப்போது வட்டத்துக்கு நேராக நிற்கிறது. இடது கை இன்னும் இரண்டு விரற்கடை நழுவுகிறது.