பிளக்கைப் பிடுங்கிய பிறகே பிளேடில் கை

மரவேலை நடக்கும் தளங்களை மேற்பார்வையிடுவது என் தொழில். கையில் பிடித்து அறுக்கும் 7 அங்குல மின்ரம்பத்தைப் பற்றி யாராவது கேட்டால், பிளேடுக்கு முன்பாக வயரைப் பற்றித்தான் சொல்வேன். பிளேடு கையைக் கிழிக்கும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். வயரும் பிளக்கும் சுவிட்சும் அதே அளவுக்கு ஆபத்தானவை என்பது அனுபவசாலிகளுக்கே பல நேரம் மறந்துபோகிறது.

மின்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சில ரம்பங்களிலும், மார்பிள் கட்டர்கள் பலவற்றிலும், சுவிட்சை அழுத்திய நிலையிலேயே நிறுத்தி வைக்கும் பொத்தான் உண்டு. நீளப் பலகையை அறுக்கும்போது விரல் வலிக்கிறது என்று அதைப் போட்டுவிடுகிறார்கள். பாதி அறுப்பில் கரண்ட் போனால், மிஷினை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு வீட்டில் இப்படி ப்ளைவுட் மீது வைத்துவிட்டுப் போன கட்டர், கரண்ட் வந்த நொடியில் தானாக ஓடத் தொடங்கி, துள்ளிக் கீழே விழுந்து, தன் வயரையே அறுத்துக்கொண்டு, பிரேக்கர் விழுந்த பிறகுதான் நின்றது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கா ஒட்டிக்கொண்டிருந்தவர் சற்று முன்புதான் எழுந்து போயிருந்தார். என் தளத்தில் கரண்ட் போனால் பிளக் உடனே வெளியே வந்தாக வேண்டும். பிளேடு மாற்றும்போதும் அப்படியே. சுவிட்சை அணைத்துவிட்டேன் என்ற பதிலை நான் ஏற்பதில்லை.

பிளக்கே இல்லாமல், சீவிய வயர் முனைகளைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குவதை இன்றும் காண்கிறேன். 1,200 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பை அந்த மின்னோட்டம் சூடாக்கிப் பொறி பறக்க வைக்கும். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த, இரட்டைக் காப்பு கொண்ட மிஷினுக்கு எர்த் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் வயரின் தோல் வெடித்துவிட்டால் அந்தக் காப்பு எதற்கும் உதவாது. கறுப்பு டேப் சுற்றிய வயரை நான் அனுமதிப்பதில்லை, முழு வயரையும் மாற்றச் சொல்கிறேன். தற்காலிக இணைப்பு எதுவானாலும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் வழியாகத்தான் வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாகவே விட்டு ஓட்டினால் உள்ளே சூடு தங்கித் தோல் உருகும் என்பதால், முழுவதும் விரித்த பிறகே மிஷினைத் தொடச் சொல்கிறேன்.

மிஷின் எகிறி அடிப்பது வேறு வகை ஆபத்து. பலகையின் இரண்டு முனைகளுக்கு மட்டும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால், அறுபட அறுபடப் பலகை தொய்ந்து, வெட்டிய சந்து மூடி, பிளேடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுற்ற முடியாத பிளேடு மிஷினை மேலே தூக்கி, பிடித்திருப்பவரை நோக்கியே எறிந்துவிடும். எனவே அறுக்கும் கோட்டுக்கு அருகிலேயே முட்டு இருக்க வேண்டும். வெட்டுப்படும் துண்டு தடையின்றி விலகிப் போக வேண்டும். பலகைக்கு அடியில் பல் 5 மில்லி மீட்டர் அளவுக்கு நீட்டியிருந்தால் போதும். இரண்டு கைகளாலும் பிடித்து, பிளேடின் நேர்கோட்டிலிருந்து உடலைச் சற்று விலக்கி நிற்க வேண்டும். வயர் பின்புறமாக, அறுப்புப் பாதையில் குறுக்கிடாமல் போக வேண்டும். பிளேடு முற்றிலும் நிற்கும் வரை மிஷினைத் தூக்கவே கூடாது. தோளில் தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக் கையும் அறுக்கும் இடத்தில் வேண்டாம்.

கல் வெட்டும் 4 அங்குலக் கட்டரில் மரப் பிளேடு மாட்டுவதை மட்டும் நான் எந்த அவசரத்துக்கும் ஒப்புக்கொள்வதில்லை. அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுவது; மர ரம்பம் ஏறத்தாழ 5,000 சுற்றுதான். அதைவிட முக்கியம், மர ரம்பத்தில் இருப்பது போல அறுத்து முடித்ததும் தானே மூடிக்கொள்ளும் கீழ் மூடி அதில் கிடையாது. மூடி உள்ள ரம்பத்திலும் வேலை வேகத்துக்காக அதைக் கம்பியால் கட்டி வைப்பவர்கள் உண்டு. அதனால் காலையில் வேலை தொடங்கும் முன், பிளக் வெளியே இருக்கும்போதே அந்த மூடியைக் கையால் பின்னுக்குத் தள்ளி விட்டுப் பார்க்கிறேன். ஸ்பிரிங் தளர்ந்தோ மரத்தூள் அடைத்தோ அது உடனே திரும்பி வராவிட்டால், சரிசெய்யும் வரை அன்றைய அறுப்பு வேலை கை ரம்பத்தில்தான் நடக்கும்.