சிக்னல் கேபினுக்குள் பன்னிரண்டு லீவர்

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுத் தோட்டத்தில் ஓடும் என் மாடல் ரயிலுக்கு, சிக்னலையும் தடத்தையும் மாற்றும் லீவர்கள் இருக்கவேண்டிய சிக்னல் கேபின் ஒன்றைக் கட்டி மூன்று மாதம் ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அம்சமாகத்தான் இருக்கிறது, கீழே செங்கல் சுவர், மேலே சுற்றிலும் ஜன்னல், பக்கத்தில் மரப்படி. உள்ளே எட்டிப் பார்த்தால்தான் மானம் போகிறது. ஒன்றுமே கிடையாது, வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் தரை. அந்த இடத்தில் தண்டவாளம் இடுப்பளவு உயரத்தில் ஓடுவதால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் குனிவது அங்கேதான்.

அளவு 1:19, கேஜ் (தண்டவாள இடைவெளி) 32 மி.மீ. நிஜத்தில் தரைக்கு மேல் 1.2 மீட்டர் நிற்கும் லீவர் எனக்கு 63 மி.மீ. இவ்வளவு பெரிசாக இருக்கும்போது "தூரத்திலிருந்து தெரியாது" என்று தப்பிக்க முடியாது. கூரையை ஒட்டாமல் காந்தம் வைத்துக் கழற்றுகிற மாதிரி செய்தது அன்றைக்கே செய்த ஒரே புத்திசாலித்தனம்.

மார்ச் 5, புதன்

லீவர் எத்தனை? முதலில் இருபது என்று எழுதினேன், வரிசையாக நின்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அப்புறம் தோட்டத்தைச் சுற்றி நடந்து எண்ணினேன். ஒற்றைப் பாதை, நடுவில் இரண்டு ரயில் மாறிக்கொள்ள ஒரு லூப். அதற்கு இரு திசைக்கும் ரயிலை உள்ளே விடும் ஹோம் சிக்னல் ஒன்று, வெளியே அனுப்பும் ஸ்டார்டர் சிக்னல் ஒன்று, ஆக நான்கு சிவப்பு லீவர். அவை எப்படி இருக்கின்றன என்று தூரத்திலேயே சொல்லும் டிஸ்டன்ட் சிக்னல் இரண்டு, மஞ்சள். லூப்பின் இரு முனையிலும் தடம் மாற்றும் பாயின்ட், கறுப்பு. இரண்டும் வருகிற ரயிலுக்கு எதிரே வாய் திறக்கிற பாயின்ட் என்பதால் ஆளுக்கொரு பூட்டு லீவர் வேண்டும், அது நீலம். பத்து ஆயிற்று. உபயோகமில்லாத வெள்ளை லீவர் இரண்டு சேர்த்தால் பன்னிரண்டு. இது பிரிட்டிஷ் வழக்கத்து நிறம். மற்ற இடங்களில் மாறும்.

நிஜத்தில் லீவருக்கு லீவர் ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொண்டால் எனக்கு 6.7 மி.மீ. பன்னிரண்டுக்கும் சேர்த்து 80 மி.மீ., ஜன்னலோரம் கச்சிதமாக உட்காருகிறது. இருபது போட்டிருந்தால் கேபின்காரர் நிற்க இடம் இருந்திருக்காது.

மார்ச் 9, ஞாயிறு

லீவர்கள் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில். 2 மி.மீ. தடிமன், கைப்பிடிக்கு அளவு சரியாக வருகிறது, துருவும் பிடிக்காது. நிஜ லீவரில் மேல்முனை பெயின்ட் இல்லாமல் பளபளவென்று இருக்கும், அதற்குக் கீழேதான் நிறம். அதனால் முனையை டேப் சுற்றி மறைத்துவிட்டு, மிச்சத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ப்ரைமர் அடித்த பிறகு நிறம். தேய்க்காமல் அடித்த முதல் இரண்டும் நகம் பட்டதுமே தோல் உரிந்தது.

கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பிடி இருக்கும், கையோடு சேர்த்து அழுத்தினால்தான் லீவர் தன் பள்ளத்திலிருந்து விடுபடும். அரை மி.மீ. கம்பியை வளைத்து அதையும் வைத்தேன். பன்னிரண்டு முறை. ஏழாவது பிடி சாமணத்திலிருந்து தெறித்து எங்கோ போய்விட்டது, தேடவில்லை.

ஜன்னல் கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி பட்டு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். தெரிந்துகொண்டே அவசரத்தில் ஒன்றை அப்படி ஒட்டினேன், அது இப்போது குப்பையில்.

மார்ச் 15, சனி

சட்டகத்தில் லீவர்களை நட்டு எபாக்ஸிப் பசை போட்டாயிற்று. கோடிகளில் சிக்னல், நடுவில் பாயின்டும் பூட்டும். எல்லாம் நேராக நின்றால் உயிரில்லாமல் இருக்கிறதே என்று மூன்றை மட்டும் முன்னால் இழுத்த நிலையில் ஒட்டினேன், ஒரு மஞ்சள், ஒரு நீலம், ஒரு கறுப்பு. நிறம் கலந்து பார்க்க அழகாக இருந்தது. திருப்தியோடு தூங்கப் போனேன்.

மார்ச் 16, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. அந்த மஞ்சள் லீவர்தான்.

லீவரை இழுத்து டிஸ்டன்ட்டின் கை இறங்கியிருந்தால் ஓட்டுநருக்கு என்ன அர்த்தம்? முன்னால் உள்ள ஹோமும் ஸ்டார்டரும் இறங்கியிருக்கின்றன, வேகத்தைக் குறைக்காமல் வா என்று. என் கேபினில் நான்கு சிவப்பு லீவரும் நேராக நிற்கின்றன. அதாவது, நிற்கவேண்டிய ரயிலை "வா வா" என்று முழு வேகத்தில் கூப்பிட்டு வைத்திருக்கிறேன். நிஜக் கேபினில் இது நடக்கவே நடக்காது. அந்தத் திசைச் சிவப்பு லீவர்களை இழுக்காமல் மஞ்சளைத் தொட்டால், கீழ்த்தளத்து இன்டர்லாக்கிங் இரும்புகள் அதை அசையவே விடாது. கேபின் இரண்டு மாடியாக இருப்பதில் பாதிக் காரணம் அந்தக் கீழ்த்தளம், மீதி மேலிருந்து பாதை தெரியவேண்டும் என்பது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் சாக்ஸ்பி லீவர்களை இப்படி ஒன்றோடொன்று கட்டிப்போடக் காப்புரிமை வாங்கியது 1856இல். 1889இல் அயர்லாந்தில் நடந்த அர்மா ரயில் விபத்துக்குப் பிறகு பிரிட்டனில் பயணிகள் பாதைகளுக்கு இதைச் சட்டமே கட்டாயமாக்கியது. நான் ஒரு சொட்டு எபாக்ஸியில் அத்தனையையும் மீறியிருக்கிறேன்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று அரை மணி நேரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரியும், அவ்வளவுதான். குறடு எடுத்து மஞ்சளையும், சேர்த்து ஒரு சிவப்பையும் கறுப்பையும் முறித்தேன். மஞ்சளோடு தரையின் ஒரு துண்டும் பெயர்ந்து வந்தது.

இப்போதைய நிலை: ரயில் உள்ளே வந்து நடைமேடையில் நிற்கப்போகிறது. பாயின்ட் நேராக, நீலப் பூட்டு இழுத்தாயிற்று, அதன் பிறகு ஹோம். ஸ்டார்டர் நேராக, அதனால் மஞ்சளும் நேராக. அழகு கொஞ்சம் குறைந்ததுதான், ஆனால் வரிசையைப் பார்த்தாலே கதை தெரிகிறது. வெளியே நிற்கும் கைகாட்டிகளையும் இதற்கு ஏற்ப மாற்றிவைத்தேன்.

மார்ச் 22, சனி

சின்னச் சாமான்கள். கணப்பு அடுப்பு, கரி வாளி, சுவர்க் கடிகாரம், ரயில் விவரம் எழுதும் பெரிய பேரேடு, நின்றபடி எழுத ஒரு சாய்வு மேசை. ஒற்றைப் பாதை என்பதால், பாதையில் நுழைய ஓட்டுநருக்கு அனுமதியாகக் கொடுக்கும் டோக்கனுக்குச் சிவப்பு இயந்திரம் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. லீவருக்கு மேலே ஒரு தட்டு, அதில் மணி. பக்கத்துக் கேபினோடு பேச்சே அந்த மணியில்தான். நின்று நின்று போகும் பயணி ரயிலை அனுப்பலாமா என்று கேட்க மூன்று அடி, கொஞ்சம் விட்டு ஒன்று; ரயில் பாதைக்குள் நுழைந்தால் இரண்டு; வந்து சேர்ந்தால் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. என் மணி அடிக்காது, அது வெறும் பித்தளைப் பொட்டு.

கேபின்காரர் பொம்மையை ஒட்டும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏம்ப்பா கையில துணி வச்சிருக்காரு? துடைக்கிற வேலையா?"

"இல்லம்மா, துணியோடதான் லீவரைப் பிடிப்பாரு. வெறுங்கையால பிடிச்சா வேர்வை பட்டு அந்தப் பளபளப்பு துருப்பிடிச்சுடும்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் நீங்கள் ஏன் எல்லா லீவரையும் கையால் தொட்டீர்கள் என்று கேட்டாள். துணி, டிஷ்யூ காகிதத் துண்டு, நீர்த்த பசையில் நனைத்து அவர் கைமேல் போர்த்தி, காய்வதற்குள் பல்குத்தும் குச்சியால் மடிப்பு விட்டது. இந்தக் கேபினிலேயே எனக்குப் பிடித்த பொருள் அதுதான்.

விளக்கு: மங்கிய மஞ்சள் எல்இடி ஒன்று, 12 வோல்ட்டில் 1 கிலோ ஓம். கிட்டத்தட்ட 9 மில்லி ஆம்பியர், அதுவே அதிகமாகத் தெரிந்ததால் 4.7 கிலோ ஓமுக்கு மாற்றினேன். எண்ணெய் விளக்குக் காலத்துக் கேபின் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கக் கூடாது.

மூடிய பெட்டி வெயிலில் வேகும், ராத்திரி உள்ளே வேர்க்கும். அதனால் நகரும் ஜன்னல் இரண்டைத் திறந்த நிலையிலேயே விட்டிருக்கிறேன்.

மார்ச் 29, சனி

ஒரு வாரமாக மழை. கூரை ஒழுகவில்லை, லீவர் பெயின்ட் நிற்கிறது, கண்ணாடியில் வேர்வை இல்லை. நிம்மதியாகக் கூரையைக் கழற்றினால், லீவருக்கு மேலே தொங்கவிட்டிருந்த பாதை வரைபடத்தில் இடது பாதியைக் காணோம். ஓரம் அலை அலையாகக் கடிபட்டிருக்கிறது. மேசைமேல் ஏறி, பேரேட்டையும் ஒரு வாய் பார்த்துவிட்டு, திறந்த ஜன்னல் வரை ஒரு வெள்ளிக்கோடு. நத்தை. காகிதம் அதற்குப் பிடித்த தீனி என்று படித்திருக்கிறேன், என் வீட்டிலேயே பந்தி நடக்கும் என்று நினைக்கவில்லை.

கேபின்காரரின் துணியைத் தொடவில்லை. பசை காப்பாற்றியிருக்க வேண்டும்.

ஜன்னல் இடைவெளிக்கு உள்பக்கமாக மெல்லிய கம்பிவலை வெட்டியாயிற்று. வரைபடத்தை இந்த முறை பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து மேட் வார்னிஷ் அடிக்கப்போகிறேன். கிழக்குப் பக்க டிஸ்டன்ட்டை முதல் வரைபடத்தில் தப்பான பக்கம் போட்டிருந்ததையும் திருத்திக்கொள்ளலாம். அது நத்தை தின்ற பாதியில்தான் இருந்தது.