36 அங்குல மேடை

அமெரிக்காவில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த கொஞ்ச நாளிலேயே நம் பெண்களுக்குத் தோள்பட்டை வலி வந்துவிடும். பெட்டி தூக்கியதால் என்று நினைப்போம். காரணம் சமையல் மேடை. தரையிலிருந்து 36 அங்குலம். பெரும்பாலும் எந்த வீட்டிலும் இதே உயரம்தான். ஐந்தடிப் பெண்ணுக்கு முழங்கை 37, 38 அங்குலத்தில் இருக்கும். மேடைமேல் பலகையும் போட்டு வெங்காயம் நறுக்கினால் தோளைத் தூக்கிக்கொண்டேதான் நறுக்க வேண்டும்.

நூறு வருஷத்துக்கு முன்பே, இதே நாட்டில், வீட்டு வேலைகளை எளிதாக்கும் வழிகளை ஆராய்ந்த கிறிஸ்டின் ஃபிரெடெரிக் என்ற பெண்மணி இதைப் படித்துப் படித்துச் சொன்னார் என்பதுதான் ஆற்றாமை. 1912இல் பத்திரிகையில் எழுதி, 1913இல் 'தி நியூ ஹவுஸ்கீப்பிங்' என்று புத்தகமாக்கினார். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் தன் வீட்டையே சோதனைக்கூடமாக வைத்திருந்தார். மேடையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் நிற்பவரின் உயரத்துக்கு அமைய வேண்டும் என்பது அவர் கட்சி. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் ஒரே மட்டத்தில் பொருந்தட்டும் என்று பிறகு ஒரே அளவு நிலைத்துவிட்டது.

மேடையை இறக்க முடியாது, ஆளை ஏற்றலாம். தொட்டிக்கு முன்னால் அல்ல, நறுக்கும் இடத்தில் மட்டும், ஏறி நிற்க 3 அங்குல உயரப் பலகை. அடியில் ரப்பர் வேண்டும்; இரண்டடி அகலமாவது வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஓர் எட்டு வைத்ததும் விழ நேரும். சப்பாத்தி மாவைச் சாப்பாட்டு மேஜையில் பிசையலாம், அது 30 அங்குலம்தான். பாத்திரம் கழுவ ஃபிரெடெரிக் சொன்ன முறை இன்றும் பலிக்கிறது: வலக்கைக்காரர் எச்சில் பாத்திரத்தை வலப்பக்கம் அடுக்கி, கழுவியதை இடப்பக்கம் கவிழ்க்க வேண்டும். பாத்திரத்தைப் பிடித்திருப்பது இடக்கை, ஆகவே குறுக்கே கை போகாது.

காய் நறுக்க உயரமான ஸ்டூலில் உட்காரவும் சொன்னார். உட்கார்ந்தே நறுக்கிப் பழகிய நமக்கு அது எவ்வளவு இதமான யோசனை!

எல்லாம் பழகிவிட்டது என்று இருக்கும்போதுதான் ஒரு தேங்காய் உடைப்போம். திருகி மாட்டும் துருவி மேடை விளிம்பில் நிற்காது. விளிம்பு வளைந்திருக்கும், அடியில் இழுப்பறை முட்டும், பாதியில் கழன்றுவிடும். அரிவாள்மணை என்றால் மடக்கிய காலே பலகையை அழுத்திக்கொள்ளும், இரண்டு கையும் மூடிக்கு. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சாம்பார் பொடியைவிட மடக்கு அரிவாள்மணை ஒன்றைக் கேளுங்கள். அலகைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்; கைப்பையில் விடமாட்டார்கள்.