கிரீன்ஸ்டெட்: ஒன்பது நூற்றாண்டு கண்ட ஓக் சுவர்

இங்கிலாந்தின் கிரீன்ஸ்டெட் கிராமத்து மர தேவாலயத்தைப் பார்க்கப் போன கதை இது. முதலில் டாக்சி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. லண்டனிலிருந்து சென்ட்ரல் லைன் ரயிலில் கடைசி நிலையமான எப்பிங்கில் இறங்கினால், சிப்பிங் ஓங்கர் என்ற சிற்றூருக்கு பஸ் உண்டு. நான் வெளியே வரும்போதே அது கிளம்பிவிட்டது. மழை வேறு. போனில் 20 பவுண்டு என்று பேசி வந்த டாக்சிக்காரர், இறங்கும் நேரத்தில் "கிராமத்துப் பாதை" என்று காரணம் சொல்லி 32 பவுண்டு கறந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு! போகிறவர்கள் தயவுசெய்து பஸ்ஸுக்கே காத்திருங்கள். ஓங்கரிலிருந்து வயல்களுக்கு நடுவே ஒரு மைல் நடந்தால் ஆலயம் வந்துவிடும்.

எசெக்ஸ் மாவட்டத்தின் கிரீன்ஸ்டெட் கிராமத்தில் இருக்கும் இந்தப் பரிசுத்த அந்திரேயா ஆலயத்தை உலகின் மிகப் பழைய மர தேவாலயம் என்கிறார்கள். முதல் பார்வைக்கு அப்படித் தெரியாது. வெள்ளை மரப்பலகைக் கோபுரம், செங்கல்லால் ஆன பலிபீடப் பகுதி, ஓட்டுக் கூரை என்று காலத்துக்கு ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. பலிபீடப் பகுதி சுமார் 1500ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோபுரத்து மணி ஒன்றில் 1618 என்று பொறித்திருக்கிறது.

பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் சுவரைத்தான். ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து, வரிசையாக நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள். வெளிப்பக்கம் மரத்தின் உருண்டை வளைவு அப்படியே இருக்கிறது. கை வைத்தால் நார்நாராக விரிசல் தட்டுப்படுகிறது. உள்பக்கம் தட்டையாகச் செதுக்கியது. சாய்வாக வெளிச்சம் விழும் இடத்தில் வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) பட்ட தடங்கள் இன்னும் தெரிகின்றன. இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் காடி வெட்டி, மெல்லிய மரச்சட்டத்தைச் செருகிக் காற்றும் மழையும் புகாமல் அடைத்திருக்கிறார்கள். எந்தத் தச்சன் என்று யாருக்கும் தெரியாது. அவன் வேலை மட்டும் கண்ணெதிரே நிற்கிறது. நான் அந்தச் சுவரை விட்டு நகரவே இல்லை.

வயதைப் பற்றி ஒரு குழப்பம் இருந்தது. 1960களில் 845ஆம் ஆண்டு என்றார்கள். 1990களில் மர வளையங்களை மறுபடி ஆராய்ந்தபோது, 1060களுக்கும் 1100ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கும் இடையே வெட்டிய மரங்கள் என்று தெரிந்தது. வயது குறைந்ததால் என்ன? ஒன்பது நூற்றாண்டு வெயிலும் பனியும் கண்ட மரம் அது! முன்பு வைக்கிங் படையால் கொல்லப்பட்ட புனித எட்மண்ட் மன்னரின் உடலை 1013இல் லண்டனிலிருந்து கொண்டுபோனபோது இங்கே இறக்கி வைத்தார்கள் என்பது மரபு. அப்படியானால் அது இப்போதுள்ள சுவருக்கு முந்தைய கட்டடமாகத்தான் இருக்க வேண்டும். தரைக்கடியில் இன்னும் பழைய மரக் கட்டடங்களின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1848இல் நடந்த பழுதுபார்ப்பில், உளுத்துப்போன அடிப்பகுதியை வெட்டிவிட்டுக் கட்டைகளைச் செங்கல் மேடையில் ஏற்றினார்கள். அது செய்யாவிட்டால் சுவர் மிஞ்சியிருக்காது என்றே நினைக்கிறேன். கூரையிலிருந்து துருத்தி நிற்கும் கூண்டு ஜன்னல்கள் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நுழையவே கிட்டத்தட்ட 30 பவுண்டு. இங்கே கட்டணமே கிடையாது. காணிக்கைப் பெட்டியில் மனதாரப் போட்டேன்.

எனக்கு மரத்தைவிடப் பெரிதாகப் பட்டது டால்படில் கூலித் தொழிலாளர்களின் கதை. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், டால்படில் கிராமத்தில் கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்த ஆறு பேருக்கு, இரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834இல் ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை விதித்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். நாடே கொதித்தெழுந்ததால் 1836இல் மன்னிப்பு வந்தது. திரும்பியவர்களில் சிலருக்கு, மக்கள் திரட்டிய நிதியில் கிரீன்ஸ்டெட்டில் குத்தகைப் பண்ணை கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், உடன் தண்டனை பெற்ற தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839இல் இந்த ஆலயத்தில்தான் மணந்தார். இங்கும் ஊர்ப் பெரியவர்கள் அவர்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஆறு பேரில் ஐவர் குடும்பத்தோடு கனடாவுக்குக் கப்பலேறினார்கள். ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் டால்படிலுக்கே திரும்பினார்.