கணக்கு நோட்டில் ஒரு விண்மீன்

வணிகவியல் படித்தவன் நான். ஆம்பூரில் ஒரு தோல் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியில் பத்தாம் வகுப்போடு இயற்பியலை விட்டவன், இப்போது தினமும் காலையில் ஒரு மணி நேரம், அணு, எலக்ட்ரான் போன்ற நுண்ணிய துகள்களைப் பற்றிய குவாண்டம் இயற்பியல் கணக்குப் போட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்புகிறேன். இந்த இடத்துக்கு வர நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதில் ஒன்றரை ஆண்டு வீண். என்னைப் போல அறிவியல் பின்னணி இல்லாமல் வானியலுக்குள்ளும் குவாண்டம் இயற்பியலுக்குள்ளும் நுழைய விரும்புகிறவர்களுக்கு அந்த ஒன்றரை ஆண்டாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொடக்கம் காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம். ஒரு சனிக்கிழமை அக்கா குடும்பத்தோடு போயிருந்தேன். பார்வையாளர்களுக்கென வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் சனிக்கோள் தெரிந்தது. வளையம் அவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. யாரோ வரைந்து ஒட்டியதுபோல் இருந்தது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோது அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று என்று அங்கேதான் அறிந்தேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருந்தும் முப்பது வயது வரை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அதன்பிறகு செய்ததுதான் தவறு. இரவு இரவாகக் காணொளிகள் பார்த்தேன். கருந்துளை, இணைப் பிரபஞ்சம், பெட்டிக்குள் இருக்கும் பூனை என எதைப் பற்றியும் அரை மணி நேரம் பேச முடிந்தது. அப்போது அக்கா மகள் ஒருநாள் கேட்டாள்: “மாமா, விண்வெளியில் காற்றே கிடையாது. அப்படியானால் சூரியன் எரிவதற்கு ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது?” அணுக்கரு இணைவு என்று சொன்னேன். “அப்படியென்றால்?” என்றாள். அடுத்த வரி என்னிடம் இல்லை.

மறுவாரமே தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், கணிதப் புத்தகங்களைத் தரவிறக்கி அச்செடுத்தேன். தமிழ்வழிப் புத்தகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரியவர்கள் பலர் பள்ளிப் புத்தகத்தைத் தொடக் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். மடக்கை, திரிகோணமிதி, வகைநுண்கணிதம் இந்த மூன்றுக்கும் எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் வானியல் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை, ஆனாலும் வானியலுக்கு நான் மிக நெருங்கி வந்தது அப்போதுதான்.

முதல் பரிசு ஹைட்ரஜனிடமிருந்து கிடைத்தது. 1885இல் பாசல் நகரத்துப் பள்ளிக் கணித ஆசிரியர் யோஹான் பால்மர் ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளுக்கு, அதாவது அதன் ஒளியைப் பிரித்தால் தெரியும் தனித்தனி வண்ணக் கோடுகளுக்கு, ஒரு சூத்திரம் கண்டார். அது ஏன் பலிக்கிறது என்பதற்கு 1913இல் நீல்ஸ் போர் தன் அணு மாதிரியால் விளக்கம் தந்தார். நோட்டை எடுத்தேன். அந்தச் சூத்திரப்படி, முதல் கோட்டுக்கு நான்கில் ஒன்றிலிருந்து ஒன்பதில் ஒன்றைக் கழித்தால் முப்பத்தாறில் ஐந்து. அதைச் சூத்திரத்தில் வரும் நிலையான எண்ணான ரிட்பர்க் மாறிலி 1.097 × 10⁷ ஆல் பெருக்கித் தலைகீழாக்கினால் ஒளியின் அலைநீளம்: 656 நானோமீட்டர். சிவப்பு நிறம். விண்மீன் ஒளியில் வானியலாளர்கள் தேடும் அதே சிவப்புக் கோடு! எங்கோ இருக்கும் ஒரு நெபுலாவின் (விண்வெளி வாயு மேகத்தின்) சிவப்பு என் அடுப்பங்கரை மேசையில் விடையாக வந்து நின்றது. அன்று வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

இப்படிப்பட்ட கோடுகளைக் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். பழைய குறுந்தகடு ஒன்றும், மெல்லிய பிளவு வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றும் போதும். குண்டு பல்பின் ஒளியை அதில் பார்த்தால் வானவில் தொடர்ச்சியாக விரியும். சுருள் வடிவ சிஎஃப்எல் விளக்கைப் பார்த்தால் வண்ணங்கள் துண்டு துண்டாக நிற்கும். பச்சை பளிச்சென்று தனியே தெரியும். அணுவுக்குள் எலக்ட்ரான் நினைத்த ஆற்றலில் நிற்க முடியாது, படிக்கட்டில்தான் நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சூரியனை மட்டும் நேராகவோ தகட்டின் பிரதிபலிப்பிலோ பார்க்கவே கூடாது.

அடுத்து அக்கா மகளின் கேள்வி. சூரியன் தீயாக எரிவதில்லை, ஆக்சிஜனும் தேவையில்லை; ஹைட்ரஜனின் அணுக்கருக்களான புரோட்டான்கள் இணையும்போது வரும் ஆற்றலால்தான் ஒளிர்கிறது. இரண்டு புரோட்டான்கள் இணைய வேண்டுமானால் 10⁻¹⁵ மீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும். இரண்டும் நேர் மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். மின்னூட்டங்களின் விலக்கத்தைச் சொல்லும் கூலூம் விதிப்படி ஆற்றலைக் கணக்கிட்டு, அதை வெப்ப இயக்கமே தர வேண்டும் என்று வைத்துப் பார்த்தேன். 560 கோடி கெல்வின் வந்தது. சூரியனின் மையமோ சுமார் 1.5 கோடி கெல்வின்தான். மூன்று முறை சரிபார்த்தேன். கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. வரவு செலவு ஒத்துப்போகாவிட்டால் தூக்கம் வராத தொழில் என்னுடையது. இந்த இடத்தில்தான் நான் முழுதாகச் சிக்கிக்கொண்டேன்.

தவறு என் கணக்கில் இல்லை. விண்மீன்கள் அணுக்கரு இணைவால் ஒளிர்கின்றன என்று சொன்ன வானியலாளர் எடிங்டனிடம் 1920களில் மற்ற அறிஞர்கள் எழுப்பிய மறுப்பும் இதுதான்: விண்மீன்களின் உட்பகுதியில் அவ்வளவு சூடு இல்லையே! பதில் குவாண்டம் இயற்பியலிலிருந்து வந்தது. துகள் அலையாகவும் இருப்பதால், ஏற முடியாத தடையை ஊடுருவி மறுபக்கம் போய்விடும் சிறு வாய்ப்பு உண்டு. 1928இல் இயற்பியலாளர் காமோவ் இதை ஆல்ஃபாச் சிதைவுக்கு, அதாவது கனமான அணுக்கரு ஒரு துகளை வெளியேவிடும் கதிரியக்கத்துக்கு, காட்டினார். மறு ஆண்டே அட்கின்சனும் ஹூட்டர்மான்ஸும் விண்மீன்களுக்குப் பொருத்தினார்கள். ஊடுருவல் அரிது, அதன்பின் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறுவது அதைவிட அரிது. அதனால்தான் சூரிய மையத்தில் ஒரு புரோட்டான் இணைவதற்குச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது, சூரியனும் ஒரேயடியாகத் தீர்ந்துபோகாமல் நின்று ஒளிர்கிறது. விண்மீன் வேறு பாடம், அணு வேறு பாடம் என்று அதுவரை இரண்டு நோட்டு வைத்திருந்தேன். அன்றோடு ஒரே நோட்டு.

இதற்குப் பிறகு இணையவழிப் பாடங்களுக்குப் போகலாம். ஐஐடி பேராசிரியர்களின் விரிவுரைகள் என்பிடெல் (NPTEL) இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. 12 வாரக் குவாண்டம் பாடம் ஒன்றில் முதல்முறை சேர்ந்தபோது மூன்றாம் வாரத்தில் விட்டுவிட்டேன். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை வைத்து அமையும் கலப்பெண்கள் எனக்குப் பழக்கமில்லை. ஆறு மாதம் அதை மட்டும் படித்துவிட்டு மறுபடி சேர்ந்தேன், முடித்தேன். வாராந்திரப் பயிற்சியைக் கையால் போடாமல் அடுத்த விரிவுரையைத் திறக்காதீர்கள். விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும்; வெறும் தாளுக்கு முன் உட்கார்ந்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது என் மேசையில் இருப்பது சந்திரசேகர் எல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது இளைஞர் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே போட்டுப்பார்த்த கணக்கு. எரிபொருள் தீர்ந்த விண்மீனை எலக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தம் எந்த எடை வரை தாங்கும் என்பதே கேள்வி. பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, புரோட்டானின் நிறை, இந்த நான்கு மட்டும் போதும்: முதல் இரண்டையும் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்து, 3/2 அடுக்குக்கு உயர்த்தி, புரோட்டான் நிறையின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்துக்கொண்டால் எனக்கு 3.7 × 10³⁰ கிலோ வந்தது. சூரியனைப்போல் 1.85 மடங்கு. விண்மீனைப் பற்றிய ஒரு தகவலைக்கூட உள்ளே போடவில்லை, வெளியே வந்தது ஒரு விண்மீனின் எடை.

சரியான விடை 1.4 மடங்கு. அந்த வித்தியாசத்தைத் தீர்க்க, விண்மீனுக்குள் அடர்த்தி எப்படி மாறுகிறது என்று சொல்லும் லேன்–எம்டன் சமன்பாடு தெரிய வேண்டும். போன வாரம்தான் அதன் முதல் பக்கத்தைத் திறந்திருக்கிறேன்.